ரெண்டு பச்சை

எனக்குக் கண்ணு கோளாறுன்னு கோலா சிலாங்கூர்ல எவனைக் கேட்டாலும் சொல்லுவான். சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாத குருட்டுப் பய, எஸ்டேட் போட்டைக் கொண்டுபோய் மோதி முழுகடிச்சவன், அர்ஜுனன். சொல்லட்டும், வாய் அவனுங்களோடது. ஆனா இந்தக் கண்ணு ரெண்டும் எப்பேர்ப்பட்ட கண்ணுன்னு தெரிஞ்சவன் ஒருத்தன் இருக்கான். பேரு ஷேக் தாவூது. அவன் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊருக்கு வேண்டாம், துரைக்கு வேண்டாம், எனக்கு மட்டும் சொல்லியிருக்கலாம். 

நான் எஸ்டேட் லயத்துல, கூலிக்காரங்க வரிசை வீட்டுல பொறந்தவன். அப்பா ரெங்கசாமி ரப்பர் மரத்துல பால் வெட்டுனாரு, அம்மா வெட்டுனாங்க, நானும் மீசை முளைச்சதுக்கு அப்புறமும் வெட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். எங்க எஸ்டேட் ஆறு கடல்ல விழுற இடத்தைத் தாண்டி வடக்குக் கரையில. ஒழுங்கான ரோடு கிடையாது, சேறும், உப்புத்தண்ணியில நிக்கிற பாக்காவ் மரக் காடும்தான். டவுனுக்குப் போகணும்னா மோட்டார் போட்டு. அந்த இஞ்சின் மக்கர் பண்ணினா எறங்கித் தட்டிக் கொட்டி ஓட வைக்கிறது நான்தான். பழைய ஆள் வேலையை விட்டதும் சுக்கான் என் கைக்கு வந்துச்சு. பரீட்சை குடுத்து லைசென்சும் வாங்கினேன். எங்க லயத்துல வெட்டுக்கத்தியைக் கீழ வெச்சுட்டுச் சுக்கான் பிடிச்ச மொத ஆளு நான், தெரியுமா? என் பொண்டாட்டி தாயம்மா விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக்கு, ஆள் எண்ணுற இடத்துக்கு, ஓடுறதை நிறுத்தினா. போட்டு கட்டுற ஜெட்டிக்குப் பக்கத்துல ஒத்தை வீடு குடுத்தாங்க. பக்கத்து வீட்டுச் சண்டை இல்லாம தூங்குறது எவ்வளவு சுகம்னு அப்பத்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது.

தாவூது என் வயசுக்காரன். அரிசியும் வெங்காயமும் போர்ட் சுவெட்டன்ஹாம்லேருந்து ஏத்திக்கிட்டு வர்ற பெரிய தொங்கானுக்கு அவன் செராங்கு, அதாவது அந்தப் படகுக்குத் தலைவன். சொந்த ஊரு நாகப்பட்டினத்துக்குப் பக்கம். "நான் தொட்டில்ல ஆடுனதை விட தோணியில ஆடுனதுதான் ஜாஸ்தி"ன்னு பீத்துவான். எனக்குக் கோபம் வந்தா சத்தம் போடுவேன், அவனுக்குக் கோபம் வந்தா பீடி பத்த வைப்பான். எப்படியோ ஒட்டிக்கிட்டோம்.

எங்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. பொழுது சாயுற நேரத்துல டவுன் ஜெட்டியில உக்காந்துக்குவோம். கோலாவுல, ஆறு கடல்ல விழுற அந்த வாயில, ஒரு விளக்கு தெரிஞ்சா, அது யாரு படகு, எங்க போகுதுன்னு சொல்லணும். தோத்தவன் ஒரு தே, அதான் டீ, வாங்கித் தரணும். இருட்டுல படகு தெரியாது பாருங்க, விளக்குதான் படகு. எந்தப் படகுக்கும் இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை. சிவப்பு மட்டும் தெரிஞ்சா அவனோட இடது விலா நம்ம பக்கம் இருக்கு, அவன் நமக்கு இடது கைப்பக்கமாப் போறான். பச்சை மட்டும் தெரிஞ்சா வலது கைப்பக்கமாப் போறான். ரெண்டும் ஒண்ணாத் தெரிஞ்சா நம்ம மூஞ்சிக்கு நேரா வர்றான். அப்ப ரெண்டு பேரும் அவனவன் வலது பக்கம் ஒடிக்கணும், விலகிப் போயிரும். அவ்வளவுதான் சங்கதி. இதுல நான் தோத்தது ரொம்பக் கொஞ்சம். "உன் கண்ணை எடுத்து லைட்டவுஸ்ல மாட்டணும்டா அர்ஜுனா"ன்னு தாவூதே மலை மேல இருக்கிற லைட்டவுசைக் காட்டிச் சொல்லியிருக்கான். சொன்னவன் அவன்தான். மறந்துராதீங்க.

அப்ப அவசர காலம், காட்டுக்குள்ள இருந்த கம்யூனிஸ்டுக்காரனுங்களோட வெள்ளைக்காரன் போட்ட சண்டை, நல்லா முத்தியிருந்த நேரம். எஸ்டேட்டைச் சுத்தி முள்ளுக்கம்பி. அரிசி ஒரு மூட்டை நகரணும்னா பர்மிட்டு. இருட்டிட்டா ஆத்துல படகு ஓடக்கூடாது, அதுக்கு முன்னால ஓடுற படகும் பொழுது இறங்கினா விளக்கு ஏத்தியாகணும். விளக்கு இல்லாத படகைப் பார்த்தா போலீஸ் போட்டு சுட்டுட்டுத்தான் பேரு கேட்கும். விளக்கு கூடுதலா ஆடினாலும் வம்பு. பாசிர் பெனாம்பாங் மீன்பிடிக் கிராமத்துல ஒரு சீனக் கிழவன் கரையில நின்னு டார்ச்சை ரெண்டு தடவை அடிச்சான்னு, காட்டுக்குள்ள இருக்கிறவனுக்குச் சைகை காட்டுறியான்னு இழுத்துக்கிட்டுப் போனாங்க. அந்த ஆளு செருப்பைத் தேடியிருக்கான், பாவம். இந்த நாட்டுல பொறக்காதவன் மாட்டினா இன்னும் மோசம். குடும்பத்தோட கப்பலேத்தி அனுப்பிருவாங்க.

தாவூது பொண்டாட்டி சுபைதா. என்னை அண்ணேன்னுதான் கூப்பிடும். அந்தப் பொண்ணுக்கு ரெண்டு தடவை வயித்துலயே பிள்ளை கலைஞ்சு போச்சு. மூணாவது தடவை நின்னுச்சு, வயிறும் தெரிய ஆரம்பிச்சுச்சு. டவுன்ல இருந்த நர்சு, படுத்துக்கிட்டே இரு, அலையாதேன்னு சொல்லியிருந்தாங்க. சுபைதா நாகூராண்டவருக்கு நேந்துக்கிச்சு. அவங்க ஆளுங்க கடல்ல போறவங்க, அவங்களுக்கு அவர்தான் காவல். எசமான்னுதான் சொல்லுவாங்க. நாகூர்லேருந்து வந்த பித்தளை விளக்கு ஒண்ணு அது வீட்டுல இருந்துச்சு. பச்சைக் கண்ணாடி, மேல பிறை வெச்ச மூடி. கந்தூரி, அதான் நாகூர்த் திருவிழா, அந்த நாள் அத்தனையும் அந்த விளக்கு புருஷன் படகுல எரியணும், கடல் மேல அணையக்கூடாது, அப்படியிருந்தா பிள்ளை தங்கும்னு நேர்த்தி. தாவூது அதைத் தன் அறைக்குள்ள மாட்டியிருந்தான். நானே தொட்டுப் பார்த்திருக்கேன். அழகான விளக்கு.

அன்னைக்கு எங்க எஸ்டேட் கணக்கு எழுதுற கிராணி சிவானந்தம் டவுன்ல வேலையை முடிக்க நேரமாக்கிட்டாரு. எப்பவும் அப்படித்தான், காப்பி குடிச்சாலும் அதுக்கு ஒரு பைல் போடுற ஆளு. தூறல் வேற. பொழுது இறங்கிருச்சு. விளக்கை ஏத்திட்டு விரட்டினேன். சிவானந்தம் மழைக்குப் பயந்து குடையை விரிச்சுப் பின்பக்கம் பார்த்து உக்காந்துட்டாரு.

கோலாவுக்கு வந்தா எதிர்ல ரெண்டு பச்சை.

ரெண்டு பச்சையும் கொஞ்சம் தள்ளித் தள்ளி. நடுவுல மங்கலா ஒரு வெள்ளை, ரெண்டுல ஒண்ணோட கொடிமர விளக்குன்னு நினைச்சேன். ரெண்டு பச்சை உள்ள படகுன்னு உலகத்துல ஒண்ணு கிடையாது. அப்ப ரெண்டு படகு. ரெண்டும் வலது விலாவைக் காட்டிக்கிட்டு, ஒண்ணு பின்னால ஒண்ணா என் வலது கைப்பக்கம் போகுது. அந்தப் பக்கம்தான் பாசிர் பெனாம்பாங். இருட்டுறதுக்குள்ள வீடு சேரணும்னு மீன்காரனுங்க ஓடுற நேரம். எல்லாம் சரியாப் பொருந்துச்சு. போங்கடா ராசாக்களா, நான் உங்க பின்னால போறேன்னு இடது பக்கம் ஒடிச்சேன்.

எதிர்ல வந்தது ஒரே படகு. நேரா என் மூஞ்சிக்கு வந்துக்கிட்டிருந்த தாவூதோட தொங்கான். அவனுக்கு என்னோட சிவப்பும் பச்சையும் ஒழுங்காத் தெரிஞ்சிருக்கு. சட்டப்படி அவன் வலது பக்கம் ஒடிச்சிருக்கான். அவனோட வலது எனக்கு இடது. ரெண்டு பேரும் ஒரே பக்கம் வந்துட்டோம். பச்சை பெருசாகுது, பெருசாகுது, ஐயையோன்னு சுக்கானைத் திருப்புறதுக்குள்ள மடார்னு ஒரு இடி. எங்க போட்டு பொளந்துருச்சு.

தண்ணியில எழும்பிப் பார்த்தேன். தொங்கானோட இடது பக்கம் என் தலைக்கு மேல. சிவப்பு விளக்கு இருக்க வேண்டிய பெட்டியில பச்சை எரியுது. பித்தளை, மேல பிறை. சுபைதாவோட விளக்கு. "தாவூது"ன்னு கத்தினேன். அவன் ஓடி வந்தான். என்னைப் பார்த்தான். நல்லாவே பார்த்தான். அப்புறம் அந்த விளக்கைக் கழட்டி என் தலைக்கு மேல வீசினான். அது தண்ணியில விழுந்து உஸ்ஸுன்னு அணைஞ்சுது. அதுக்கு அப்புறம்தான் கயிறு எடுத்தான்.

எனக்குக் கயிறு போடுறதுக்கு முன்னாடி விளக்கைப் போட்டான். சரி, அதைக்கூட நான் மன்னிச்சிட்டேன். தூரத்துல போலீஸ் போட்டு வர்ற சத்தம் எனக்கும்தான் கேட்டுச்சு.

சிவானந்தத்துக்குக் கை முறிஞ்சுது. சாமி புண்ணியத்துல உசிருக்கு ஒண்ணுமில்ல. மறுநாள் நான் தொங்கானுக்குப் போனேன். இடது பக்கப் பெட்டியில கண்ணாடி உடைஞ்ச சிவப்பு விளக்கு உக்காந்திருக்கு, ஒண்ணும் தெரியாத பூனை மாதிரி. நடந்தது என்னன்னு அப்பவே எனக்கு விளங்கிருச்சு. சுவெட்டன்ஹாம்ல மூட்டை ஏத்துறப்ப சிவப்பு உடைஞ்சிருக்கு. இருட்டுறதுக்குள்ள வரணும், ஒத்தை விளக்கோட வந்தா சுடுவான். கையில இருந்தது நேர்த்தி விளக்கு. எசமான் விளக்குதானே, அது எங்க இருந்தாலும் காப்பாத்தும்னு அவன் மனசு சொல்லியிருக்கு. வேற எந்தச் செராங்கும் அதைச் செய்ய மாட்டான். தோணியில ஆடி வளர்ந்த தாவூது செய்வான், ஏன்னா அவனுக்கு அந்தக் காவல் மேல அவ்வளவு நம்பிக்கை.

"ஏன்டா இப்படிப் பண்ணினே?"ன்னு கேட்டேன்.

"என்ன பண்ணினேன்?"

"பச்சையை வெச்சியேடா அங்க."

அவன் பீடியை எடுத்தான். குச்சி பத்தல. "சிவப்புதான் இருந்துச்சு அர்ஜுனா. மோதினதுல உடைஞ்சு போச்சு."

"டேய், நான் தண்ணிக்குள்ள இருந்து பார்த்தேன்டா! நீ வீசினதைப் பார்த்தேன்!"

"சிவப்புதான் இருந்துச்சு"ன்னான் மறுபடியும். என் மூஞ்சியைப் பார்க்கல.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனைத் தூக்கி ஆத்துல போட்டிருப்பேன். பயப்படு, வேண்டாம்னு சொல்லல. 'ஆமாடா, தப்பு பண்ணிட்டேன், காப்பாத்து'ன்னு என் காதுல சொல்லு. நான் என்ன போலீஸா? உன்கிட்ட தே வாங்கிக் குடிச்சவன். பார்க்கிறேன்டா உன்னைன்னு கத்திட்டு வந்துட்டேன்.

விசாரணை அந்த வாரமே நடந்துச்சு. ஒரு வெள்ளைக்கார துரை, பக்கத்துல ஒரு இன்ஸ்பெக்டரு, தமிழை இங்கிலீஷ்ல சொல்ல செல்லையான்னு ஒருத்தர். தாவூது முதல்ல சொன்னான்: இடது சிவப்பு, வலது பச்சை, எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு. அப்புறம் என்னைக் கேட்டாங்க. நான் சும்மா விடுவேனா? "ரெண்டு பச்சை பார்த்தேன்"ன்னு சத்தமாச் சொன்னேன்.

இன்ஸ்பெக்டரு நிமிர்ந்து உக்காந்துட்டாரு. எழுதிக்கிட்டிருந்த துரையும் நிறுத்திட்டாரு. ரெண்டு பேரும் என்னவோ பேசிக்கிட்டாங்க. செல்லையா என் பக்கமாக் குனிஞ்சாரு. "தம்பி, யோசிச்சுப் பேசு. அரிசி ஏத்தின படகு, இடது பக்கம் பச்சை காட்டிக்கிட்டு வந்துச்சுன்னா, அது பாக்காவ் காட்டுக்குள்ள இருக்கிறவனுக்கு அடையாளம்னு எழுதுவாங்க. அந்தச் சாயபுவை உள்ள போட்டு, அப்புறம் பெண்டாட்டியோட ஊருக்குக் கப்பலேத்திருவாங்க. இல்ல உன் கண்ணுலதான் கோளாறுன்னா, உன் லைசென்ஸ் போகும். ரெண்டுல ஒண்ணு. இப்ப உன் கண்ணைச் சோதிக்கணும்ங்கிறாங்க, வா."

பக்கத்து அறையில ஜன்னலை மூடி இருட்டாக்கியிருந்தாங்க. அங்க போற வழியில வராந்தா. வராந்தா பெஞ்சுல சுபைதா உக்காந்திருந்துச்சு. படுத்தே இருக்கணும்னு நர்சு சொன்ன பொண்ணு, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, மடியில அடுக்குச் சட்டியோட. என்னைப் பார்த்ததும் எந்திரிக்கப் பார்த்துச்சு. "உக்காரு தங்கச்சி"ன்னேன்.

"ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சோறு கொண்டாந்தேன் அண்ணே. நீங்க காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க." அப்புறம் குரலைத் தாழ்த்திச்சு. "விளக்கு கடலோட போயிருச்சாம். மச்சான் சொன்னாரு. வர்ற ஆபத்தை எல்லாம் எசமான் விளக்கு வாங்கிக்கிட்டுப் போயிருச்சு அண்ணே. இல்லாட்டி நீங்க ரெண்டு பேரும் பொழைச்சிருப்பீங்களா?"

அதுக்கு ஒண்ணுமே தெரியாது. அந்த விளக்குதான் மோத வெச்சுதுன்னு அதுக்கு யாரும் சொல்லல. சொன்னா அந்தப் பொண்ணு தாங்குமா? வயித்துல இருக்கிறது தங்குமா?

இருட்டு அறையில ஒருத்தர் ஒரு விளக்கைத் தூக்கிக் காட்டினாரு. சிவப்பு. அரளிப்பூச் சிவப்பு. பொறந்த பிள்ளைகூடச் சொல்லும். எனக்குத் தியாகம் கியாகம்னு ஒண்ணும் தோணல, சத்தியமா. தாவூது மேல கொலைவெறியிலதான் நின்னுக்கிட்டிருந்தேன். அந்த ஒத்தை வீடு ஞாபகம் வந்துச்சு. தாயம்மா தூங்குற மூஞ்சி ஞாபகம் வந்துச்சு. சுக்கானைப் பிடிச்சா இஞ்சினோட அதிர்வு கையில வந்து சேருமே, அது ஞாபகம் வந்துச்சு. அதோட அந்த அடுக்குச் சட்டியும். வாயைத் திறந்தேன். "பச்சை"ன்னேன்.

செல்லையா என்னை ஒரு மாதிரி பார்த்துட்டுத்தான் மொழிபெயர்த்தாரு. அடுத்தாப்புல பச்சையைக் காட்டினாங்க. "சிவப்பு"ன்னேன். மறுபடி சிவப்பு. "பச்சைங்க." முடிஞ்சுது கதை. பரீட்சையில எப்படித் தேறினேன்னு கேட்டாங்க, பக்கத்துல இருந்தவனைப் பார்த்துச் சொன்னேன்னுட்டேன். துரைக்கு ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்புதான் இன்னும் காதுல இருக்கு.

வெளியில வந்தேன். தாவூது தூண்ல சாஞ்சு நின்னுக்கிட்டிருந்தான். அவனுக்கு விளங்கிருச்சு, விளங்காம இருக்குமா? இப்பவாச்சும் வருவான், கையைப் பிடிப்பான்னு நின்னேன். அவன் சுபைதா கையிலேருந்து சட்டியை வாங்கினான், அதைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். அந்தப் பொண்ணுதான் திரும்பித் திரும்பிப் பார்த்துச்சு. நான் சோறு வேண்டாம்னு சொல்லிட்டேனோன்னு அதுக்குக் கவலை.

நான் திரும்ப லயத்துக்கு வந்தேன். தாயம்மாகிட்ட மட்டும் உண்மையைச் சொன்னேன். அவ முழுசாக் கேட்டா. அப்புறம், "நல்லதுதான் பண்ணியிருக்கே, ஆனா என்னைக் கேட்டிருக்கலாம்"னா. அது நியாயம்தான். வெட்டுக்கத்தி கையில குடுக்கும்போது எங்களை மேய்க்கிற மண்டோர், "கவலைப்படாதே அர்ஜுனா, பாலு வெள்ளைதான், கலர் பார்க்க வேண்டியதில்ல லா"ன்னாரு. மொத்தப் பெரட்டும் சிரிச்சுது. பேரும் வெச்சானுங்க, பச்சைக்கண்ணன்னு. சின்னப் பசங்க மொளகாயைக் காட்டி, இது என்ன கலரு மாமான்னு கேட்கும். கழுதைகளா, போங்கடான்னு விரட்டுவேன். சாயங்காலம் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்னா கோலாவுல போற விளக்கு தெரியும். சிவப்பு ஒண்ணு தெரிஞ்சா, இன்ன படகு, இன்ன இடத்துக்குப் போகுதுன்னு வாய் தானா சொல்லும். கேட்க ஆள் இல்ல.

தாவூதுக்கு ஆம்பளைப் பிள்ளை பொறந்துச்சுன்னு கேள்விப்பட்டேன். வந்து சொல்லல. கொஞ்ச நாள்ல கடலை விட்டுட்டு செரண்டாங்கிற ஊர்ல மளிகைக் கடை போட்டுட்டான்னு சொன்னாங்க. ஓடிப் போயிட்டான். என்னைப் பார்க்க வேண்டாம்னுதான் மலைப்பக்கம் போய் உக்காந்துக்கிட்டான்னு எனக்குத் தெரியும்.

சில வருஷம் கழிச்சு ராசாங்கிற ஊர்ல சொந்தக்காரங்க கல்யாணம். பஸ்ஸு செரண்டாவுல நின்னுச்சு. ரோட்டுல அரிசி சோதனை, எல்லாரையும் இறக்கி விட்டுட்டாங்க. எதிர்ல கடை. பலகையில அவன் பேரு. போகாதேடான்னு மனசு சொல்லுது, காலு போகுது. சண்டை போடவும் இல்ல, கேட்கவும் இல்ல. ஒரு வார்த்தை. 'பச்சைதான் இருந்துச்சு அர்ஜுனா.' அதைச் சொல்லிட்டா நான் தே வாங்கிக் குடுத்துட்டு வந்துருவேன்.

தாவூது சீனி நிறுத்துக்கிட்டிருந்தான். தாடி வெச்சிருந்தான், நரைச்சிருந்துச்சு. என்னைப் பார்த்தான், கையில இருந்த சீனி தட்டுக்கு வெளியில கொட்டுச்சு. "வா"ன்னான். அவ்வளவுதான் வந்துச்சு வாயில. உள்ளேருந்து சுபைதா ஓடி வந்துச்சு. "அண்ணே! எங்க அண்ணன் வந்திருக்காக!" அதோட முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு பையன், நல்லா கொழுகொழுன்னு. பார்க்கவே மனசு குளுந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

என்ன வேணும்னு கேட்டுச்சு. மக புஷ்பவள்ளிக்குத் தலைக்குப் பச்சை ரிப்பன் வேணும்னேன். கல்யாணத்துக்குக் கட்டணும்னு அது கேட்டிருந்துச்சு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள சிவப்பும் பச்சையும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு. நான் கையை விட்டுப் பச்சையை எடுத்தேன்.

சுபைதா என் கையைப் பார்த்துச்சு. மூஞ்சி அப்படியே மலர்ந்து போச்சு.

"மச்சான், பார்த்தீகளா! அண்ணன் தானாவே பச்சையைச் சரியா எடுத்துட்டாக! யாரும் சொல்லல, நான்கூடச் சொல்லல!" கண்ணுல தண்ணி. "ஒவ்வொரு கந்தூரிக்கும் உங்க கண்ணுக்காகத்தான் அண்ணே நான் ஓதுறேன். ஒரு வருஷம்கூட விட்டதில்ல. எங்களால உங்க பொழைப்பு போச்சேன்னு எனக்கு எவ்வளவு வேதனை தெரியுமா?"

நான் தாவூதைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். அத்தனை வருஷத்துக்கு அப்புறம் மூஞ்சிக்கு நேரா. வாயைத் திறந்தான். சொல்லுடா, இப்பச் சொல்லுடான்னு எனக்குள்ள அடிச்சுக்குது. அவன் சுபைதாவைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான்.

"எல்லாம் எசமான் கிருபை"ன்னான்.

சுபைதா என்னையே பார்த்துக்கிட்டு நின்னுச்சு, நான் என்ன சொல்லப்போறேன்னு.

"ஆமா தங்கச்சி"ன்னேன். "இப்பல்லாம் நல்லாத் தெரியுது."